ராஜினாமா செய்யாதவனுக்கு மன்னிப்பு இல்லை

எங்கள் ஜனாதிபதி ராஜினாமா செய்தது ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அன்று மதியமே இன்னொருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இவருக்கு நாட்டில் ஒருவரும் அந்தப் பதவிக்கென்று ஓட்டுப் போட்டதில்லை. முதலில் துணை ஜனாதிபதியின் சங்கதி வெளியே வந்து அவர் விலக, அந்த இடத்தில் இவரை வைத்தார்கள். பிறகு ஜனாதிபதியின் சங்கதி வெளியே வந்து அவரும் விலக, இவரை ஒரு நாற்காலி மேலே நகர்த்தினார்கள். நல்ல மனிதர், எங்கள் மிச்சிகன்காரர், காலை ரொட்டியைத் தானே வாட்டிச் சாப்பிடுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. ஆளுவதற்கு அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று நாங்களும் சும்மா இருந்தோம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தொலைக்காட்சியில் தோன்றி, விலகிப்போன பெரியவரை, அந்தப் பழைய ஜனாதிபதியை, மன்னித்துவிட்டதாக அறிவித்தார். பெரியவர் செய்த குற்றங்களுக்கு மட்டுமல்ல, செய்திருக்கக்கூடிய குற்றங்களுக்கும் சேர்த்து. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, பெரியவர் இன்னது செய்தேன் என்று வாயைத் திறக்கவும் இல்லை. மொத்தமாக, முழுசாக மன்னிப்பு.

அப்போது தேவாலயம் முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் என் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நீளமான மரப்பாதையில் கனத்த பந்தை உருட்டிவிட்டு, மறுகோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டுக் கூடம் என்னுடையது. ஊர்ப் பத்துக்கட்டைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெயர் மார்வ். எங்கள் ஊர் பெல்லோஸ் ஃபெர்ரி, நாட்டின் வடக்குக் கோடியில் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. படகில் ஏறினால் கால் மணி நேரம்.

எல்லோரும் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருக்க, ஆர்வோ லெப்பனென் மட்டும் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். பனிக்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், அறுபது வயது, அதிகம் பேசாதவர்.

"அப்போ நம்ம வெய்னுக்கும் கெடச்சிடும்," என்றார்.

வெய்ன் அவருடைய ஒரே மகன். நான்கு வருடத்துக்கு முன், போருக்கு அனுப்பப் பட்டாளத்துக்கு வரச்சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு மதியப் படகில் அக்கரைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். இங்கே கால் வைத்தால் கைது. அவன் அம்மா ஹில்யா ஆற்றைப் பார்த்திருக்கும் எங்கள் ஊர் மருத்துவமனையில், இரண்டாம் மாடியில் படுத்திருந்தாள். கணையத்தில் புற்று. முதல் பனி விழும்வரை இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைப் படகில் ஏற்ற முடியாது, கட்டிலை விட்டு நாற்காலிக்கு நகர்த்தினாலே நினைவு தப்பியது. மகன் இருக்கும் ஊரை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். மகனைப் பார்க்க முடியாது.

அடுத்த வாரமே, ஓடிப்போன பையன்களுக்கும் கருணை காட்டப்படும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் படகுத்துறையிலேயே சுங்கக் கட்டடத்து மாடியில் 'கருணை மீள்சேர்ப்பு அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். அதிகாரி விட்கோம் என்பவர் தலைநகரிலிருந்து வந்து இறங்கினார். இளநீல உடுப்பு, மென்மையான குரல், எதைச் சொன்னாலும் நமக்காக வருத்தப்படுவதுபோல் ஒரு முகம்.

ஆர்வோவுக்குப் படிவம் நிரப்பிப் பழக்கமில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க மிஸ்டர் லெப்பனென். ஜனாதிபதி கருணை உள்ளவர். உங்க மகனை மன்னிக்கத் தயாரா இருக்கார்," என்றார் விட்கோம். "மகன் நேர்ல வந்து சரணடையணும். செஞ்சது தப்புன்னு ஏத்துக்கணும். விசுவாசப் பிரமாணம் எடுக்கணும். ரெண்டு வருஷம் பொதுச்சேவை செய்யணும். அதுக்கப்புறம் மன்னிப்பைப் பரிசீலிப்போம்."

"வர்ற வழியில பிடிச்சுட்டா?"

"வந்து சேர்ந்தவங்களை மன்னிக்கறது என் வேலை. வர்றவங்களைப் பிடிக்கறது கீழ்மாடி வேலை. அவங்க வேலையில நான் தலையிட மாட்டேன், என் வேலையில அவங்க தலையிட மாட்டாங்க. அதுதான் ஜனநாயகம்."

ஆர்வோ தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஐயா, எனக்கு இந்தப் படிவம் வேண்டாம். அந்தப் பெரியவருக்குக் குடுத்தீங்களே, அந்தப் படிவம் ஒண்ணு குடுங்க."

விட்கோம் முகத்தில் நிஜமான அனுதாபம் வந்தது. "அது முழு மன்னிப்பு. இது சம்பாதிக்கிற மன்னிப்பு. ரெண்டும் வேற வேற அலமாரி."

"அவரு செஞ்சது பெருசா, என் பையன் செஞ்சது பெருசா?"

"அவர் என்ன செஞ்சார்னு யாருக்கும் உறுதியா தெரியாது. அதனால மன்னிக்கறது சுலபம். உங்க மகன் என்ன செஞ்சான்னு தேதி, படகு நேரம் உட்பட எங்ககிட்ட இருக்கு. இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு எப்படி சும்மா மன்னிக்கறது? மேலும் அவர் வேதனைப்பட்டிருக்கார். அவ்வளவு பெரிய பதவியை ராஜினாமா செஞ்சிருக்கார். உங்க மகன் எதையாவது ராஜினாமா செஞ்சிருக்கானா?"

"இல்லீங்க. பாத்திரந்தான் கழுவறான்."

"பாத்தீங்களா? வலியே இல்லாதவனை எதுக்கு மன்னிக்கறது?"

இதை அவர் வாதத்துக்காகச் சொன்னார். கேட்ட யாரும் சிரித்துவிட்டோ காறித்துப்பிவிட்டோ வந்திருப்பார்கள். ஆர்வோ வேறு மாதிரி ஆள். அரசாங்க அதிகாரி சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று அறுபது வருடம் நம்பியவர். படி இறங்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்வ், அவனுக்கு ஒரு பதவி வேணும். ராஜினாமா பண்றதுக்கு."

நான் அன்றே அவரைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவமனைக்குப் போய்வந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும்போது, அது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தலும் அந்த வாரம்தான் வந்தது.

எங்கள் சங்கத்தின் விதிமுறைகளை என் மாமனார் நாட்டின் அரசியல் சட்டத்தைப் பார்த்து எழுதினார். தலைவர் விலகினால் துணைத் தலைவர் தலைவராவார், பிரமாணம் எடுப்பார், தேவைப்பட்டால் உறுப்பினர்களை மன்னிப்பார் என்று எல்லாம் இருக்கும். இதுவரை மன்னிப்பு தேவைப்பட்டது, விளையாட வாடகைக்கு எடுத்த காலணியோடு வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான். துணைத் தலைவியாக இருந்தது பள்ளிக்கூடத்துச் சமையல்காரி வெர்னா கோஸ்கி. அவளுக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை. போன கிறிஸ்துமஸில் பரிசு வான்கோழிகள் இரண்டு காணாமல்போய், பழைய துணைத் தலைவர் விலகியபோது அவளை அந்த இடத்தில் வைத்தோம். நாட்டு நடப்போடு ஒப்பிட்டால் எங்களிடம் குறை எதுவும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முப்பத்தோரு பேர் கூடினார்கள். வேட்பாளர் வெய்ன் லெப்பனென், ஊரில் இல்லை, நான்கு வருடமாகப் பந்தைத் தொடவில்லை.

"அவனோட ஆட்டச் சராசரிப் புள்ளியே நூத்திப் பன்னண்டுதானேப்பா," என்றான் ஒருவன். "தலைவர்னா ஒரு தகுதி வேண்டாமா?"

"ரொட்டி வாட்டத் தெரியுமான்னு கேளு," என்றாள் வெர்னா.

சிரித்தார்கள். பிறகு மில்டன் ரீட் எழுந்தார், சிரிப்பு நின்றது. மில்டனின் மகன் வெய்னோடு படித்தவன். அவனுக்கும் அதே மாதத்தில் கடிதம் வந்தது. அவன் போனான். ஐந்தாவது மாதம் பெட்டியில் வந்தான். அதிலிருந்து மில்டனும் ஆர்வோவும் ஒரே கூடத்தில் விளையாடுவார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆர்வோ தரையைப் பார்த்தார்.

"எம் பையன் போனான், வரல," என்றார் மில்டன். "இவன் போகல. இவனாவது வரட்டும். மார்வ், என் ஓட்டை எழுதிக்க."

முப்பத்தோரு ஓட்டும் விழுந்தன. நான் படகோட்டி மூலம் வெய்னுக்கு விஷயத்தைச் சொல்லியனுப்பினேன். 'நான் வகிக்கும் தலைவர் பதவியை இதனால் ராஜினாமா செய்கிறேன். அப்பா இப்படியெல்லாம் எதற்கு அலைகிறார்? அம்மா எப்படி இருக்கிறாள்?' என்று ஓட்டல் காகிதத்தில் எழுதியனுப்பினான். முதல் வரியைச் சபையில் படித்தேன். வெர்னா விதிமுறைப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பிரமாணம் எடுத்தாள். பிறகு, பத்திரிகையில் வந்திருந்த பெரியவரின் மன்னிப்பைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி, வெய்ன் செய்த, செய்திருக்கக்கூடிய எல்லாக் குற்றங்களுக்கும் முழுமையான மன்னிப்பை நான் தட்டச்சு செய்தேன். வெர்னா கையெழுத்துப் போட்டாள். பரிசுக் கோப்பைகளில் ஒட்டும் தங்க முத்திரை ஒன்றை அடியில் ஒட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் விட்கோம் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வாசகம் சரியா இருக்கு. சொல்லப்போனா எங்களதைவிட எழுத்துப்பிழை கம்மி," என்றார். "ஆனா மிஸ்டர் லெப்பனென், நீங்க ஒரு சிக்கலை உண்டாக்கிட்டீங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு மன்னிப்பு குடுக்க விதியில்லை. உங்க மகன் ஏற்கெனவே முழுசா மன்னிக்கப்பட்டிருக்கான். எங்களது செல்லணும்னா முதல்ல இதை வாபஸ் வாங்கணும். மன்னிச்சவங்களே மன்னிக்கலைன்னு மூணு பிரதியில எழுதிக் குடுக்கணும்."

"அதை வாங்கிட்டு வந்தா என் பையனை விட்டுடுவீங்களா?"

"அவன் வந்து சரணடைஞ்சா பரிசீலிப்போம். நான் வந்து மூணு வாரமாச்சு. ஒருத்தன்கூட மன்னிப்பு கேட்டு வரல. தலைநகர்ல கேக்கறாங்க, ஏன் யாரையும் மன்னிக்கலைன்னு. இந்த வட்டாரத்துல எத்தனையோ பேர் தப்பு பண்ணியிருக்காங்க, யாருக்கும் பொறுப்பே இல்லை. இந்த நாட்டுல மன்னிக்கறவங்களோட கஷ்டத்தை யார் புரிஞ்சுக்கறாங்க?"

ஆர்வோ அந்தக் காகிதத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

ஹில்யா அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கண்ணைத் திறந்து, "கையில என்ன?" என்று கேட்டாள். தங்க முத்திரை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. ஆர்வோ வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். அன்று சொன்னார். "ஜனாதிபதி வெய்னை மன்னிச்சுட்டார்," என்று சொல்லி முழுவதையும் படித்தார். சங்கத்தின் பெயர் வந்த இடங்களில் நாட்டின் பெயரைச் சொன்னார், வெர்னாவின் பெயர் வந்த இடத்தில் ஜனாதிபதியின் பெயரைச் சொன்னார். அவள் அழுதாள். பிறகு இரண்டு கரண்டி சூப் குடித்தாள். அந்த இரண்டு கரண்டிக்காக அவர் இன்னும் நூறு பொய் சொல்லத் தயாராக இருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, ஆர்வோ என் கூடத்துக்கு வந்து ஒரு காப்பி கேட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்த அரைமணியில் ஹில்யா கண்விழித்து, தாதியிடம் தொலைபேசியைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் நல்ல மனதோடு அக்கரை ஓட்டலின் எண்ணைச் சுற்றிக்கொடுத்தாள். சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து வெய்ன் எடுத்தான். அப்பா சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். நான் சொல்லியிருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டான். சொன்னது அம்மா.

"வாடா கண்ணு. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

அவன் நான்கு மணிப் படகில் ஏறினான்.

ஆர்வோவோடு நானும் மருத்துவமனைக்குப் போனபோது ஹில்யா தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படகு துறையைத் தொட்டிருந்தது. "அதோ பாரு, உன் பையன்," என்றாள். ஆர்வோ ஜன்னலில் கை வைத்தார். நீலச் சட்டை போட்ட ஒருவன் பலகையில் இறங்கி வந்தான், கையில் பூ மாதிரி ஏதோ. சுங்கக் கட்டடத்தின் கீழ்மாடியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமுமாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"கூட்டிட்டு வர ஆள் அனுப்பியிருக்காரு பாரு, ரெண்டு பேரு," என்றாள் ஹில்யா. "நல்ல மனுசன். ஓட்டுப் போடலியேன்னு கஷ்டமா இருக்கு."

ஆர்வோவும் நானும் படியிறங்கி ஓடினோம். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. துறைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான்.

சுங்கக் கட்டடத்து மாடியில் விட்கோம் புது மனிதராக இருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். வெய்ன் விலங்கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வாழ்த்துகள், மிஸ்டர் லெப்பனென். வட்டாரத்துலயே முதல் ஆள். தானாவே வந்திருக்கான்," என்றார்.

"ஐயா, பத்து நிமிஷம். அவங்கம்மா அங்க, அந்த ஜன்னல்ல இருக்கா. விலங்கோடயே கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு வந்துடட்டும்."

"பிரமாணம் எடுக்காதவனை வெளியில அனுப்பினா அவன் மறுபடி தப்பி ஓடினவன் ஆயிடுவான். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ இப்பவே எடுக்கச் சொல்லுங்க," என்றேன் நான்.

"எடுக்கலாம். ஆனா ஜனாதிபதி படத்துக்கு முன்னால நின்னு எடுக்கணும், அதுதான் விதி." விட்கோம் சுவரைக் காட்டினார். அங்கே வெறும் ஆணி இருந்தது. "பழையவர் படத்தைக் கழட்டிட்டோம். புதியவர் திடீர்னு வந்ததால படம் அச்சாகி இன்னும் எங்க அலுவலகத்துக்கு வரல. திங்கட்கிழமை வந்துடும்னு சொல்லியிருக்காங்க."

"பத்திரிகையில அவரு படம் இருக்கு," என்றேன். "ரொட்டி வாட்டற படம். வெட்டி ஒட்டறேன்."

"அரசாங்க அளவுல இருக்கணும், சார்."

ஆர்வோ மண்டியிட்டார். விட்கோம் பதறி எழுந்து அவரைத் தூக்கினார். "அப்படியெல்லாம் செய்யாதீங்க. இங்க யாரும் கெஞ்ச வேண்டியதில்லை, இது கருணை அலுவலகம்," என்றார். வெய்ன் ஜன்னலைப் பார்த்தான். அந்த ஜன்னல் அக்கரையைப் பார்த்திருந்தது.

ஆர்வோ மகன் இல்லாமலே மருத்துவமனைக்குத் திரும்பி மேலே போனார். கூடப்போன நான் அறைக் கதவருகே நின்றேன்.

"எங்க அவன்?" என்றாள் ஹில்யா.

"கையெழுத்துப் போட்டுட்டு இருக்கான். நெறைய காகிதம்."

"போடட்டும், போடட்டும். எல்லாம் ஒழுங்கா முடிச்சுட்டு வரட்டும். நாலு வருஷம் காத்திருந்தேன்." தாதியைக் கூப்பிட்டுத் தலையை வாரிவிடச் சொன்னாள். வாரி முடிப்பதற்குள் தூங்கினாள். ஆறு மணிக்கு முன்பே மூச்சு நின்றது. வெளியே பனி இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை, டாக்டர் சொன்ன கணக்குப்படி அவளுக்கு நாள் பாக்கி இருந்தது.

படம் திங்கட்கிழமை வந்தது. வெய்ன் அதன் முன் நின்று பிரமாணம் எடுத்தான். செவ்வாயன்று அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் இறைச்சிப் பணியாரமும் வைத்திருந்தார்கள். வெய்ன் அப்பாவின் எதிரே உட்கார்ந்திருந்தான். கோப்பையைத் தொடவில்லை.

"அப்பா, அம்மாகிட்ட யாரு சொன்னா, ஜனாதிபதி மன்னிச்சுட்டாருன்னு?"

அந்த அறையில் இருந்த முப்பது பேருக்கும் பதில் தெரியும். மில்டன் ரீட் தன் தட்டைப் பார்த்தார். தட்டச்சு செய்த என் விரல்களை நான் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"நாந்தான்டா," என்றார் ஆர்வோ.

வெய்ன் தன் தட்டில் இருந்த பணியாரத்தைப் பாதியாகப் பிட்டு அவர் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க," என்றான்.

அப்போது விட்கோம் வந்தார். கறுப்பு உடுப்பில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தலையசைத்து வந்தார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார், அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஆர்வோவிடம் நீட்டினார்.

"ரெண்டு வருஷப் பொதுச்சேவைக்கு இடம் ஒதுக்கிட்டாங்க. தூரமா எங்கயோ காட்டிலாகாவுல போடறதா இருந்தாங்க. நான் விடல, தலைநகருக்கு மூணு தடவை பேசினேன்," என்றார். "உங்க கோரிக்கையை நான் மறக்கல, மிஸ்டர் லெப்பனென். அம்மா பக்கத்துல இருக்கணும்னு கேட்டீங்க இல்லையா? இதே ஊர் மருத்துவமனை. ரெண்டாம் மாடி. மலச்சட்டி எடுக்கற வேலை. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடணும்."

வெர்னா கையில் இருந்த காப்பிக் குவளை சாய்ந்து மேசைவிரிப்பில் வழிந்துகொண்டே இருந்தது. நான் ஆர்வோவைப் பார்த்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்து அந்த ஆளின் முகத்தில் எறிவார் என்று நினைத்தேன். எறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆர்வோ எழுந்து நின்றார். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார்.

வெர்னாவிடம் இன்னும் அந்த அதிகாரம் இருக்கிறது. விட்கோமையும் மன்னிக்கலாம், அந்தப் பெரியவரையும் மன்னிக்கலாம், காலணியோடு போனவர்களையும் மன்னிக்கலாம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டோம். ஆர்வோ சொன்ன அந்த நன்றிக்காக மட்டும் என்னால் யாரையும் மன்னிக்க முடியவில்லை.